உயரம் எங்கே தொடங்குகிறது?



கோயில் கோபுரத்தை விட உயரமாக வீடு கட்டக் கூடாது. இப்படி ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்டு. இது சட்டம் அல்ல. ஊர் வழக்கம். ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒருவர் கட்டும் வீட்டின் உயரம் அவர் விருப்பம் மட்டும் அல்ல. அதில் அக்கம்பக்கத்துக்கும் பங்கு உண்டு.

இது மிகப் பழைய எண்ணம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு உரோம் நகரை ஆண்டவர் அகஸ்டஸ். அங்கே மாடி வீடுகள் நெருக்கமாக எழுந்தன. இடிந்து விழுந்தன. தீப்பிடித்தன. எனவே அவர் ஒரு கட்டளை போட்டார். பொதுத் தெருக்களில் 70 அடிக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்றார்.

இன்று உரோம் வரை போக வேண்டாம். இடுக்கி மாவட்டத்திலும் இதே பேச்சுதான். மூணாறு பக்கம் மலைச் சரிவில் வீடுகளும் விடுதிகளும் எழுகின்றன. எவ்வளவு உயரம் கட்டலாம்? அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பணம் மிஞ்சும். சில நேரம் உயிரும் மிஞ்சும்.

ஒரு குடும்பத்தின் கதை

ஒரு கதை போலச் சொன்னால் எளிதில் விளங்கும்.

இடுக்கி எல்லையில் ஓர் ஊர். அங்கே ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். முப்பது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. சாலை ஓரத்தில் 6 சென்ட் நிலம் வாங்கினார்கள். நிலம் சாலையில் இருந்து கீழே சரிகிறது. வீட்டின் முன் பக்கம் மேட்டில். பின் பக்கம் 3 மீட்டர் பள்ளத்தில்.

வீடு கட்டினார்கள். சாலையில் நின்று பார்த்தால் இரண்டு தளம் தெரியும். சாலை மட்டத்துக்குக் கீழே பின் பக்கம் இன்னொரு தளம். அதில் விறகும் ஏலக்காய் மூட்டையும் வைத்தார்கள்.

ஒரு நாள் மேஸ்திரி வந்தார். "அண்ணே, மேலே இன்னொரு தளம் போடுவோம். சுற்றுலா வர்ற ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம். போட்ட பணம் மூணே வருசத்தில் திரும்பிடும்" என்றார். கணவருக்கு ஆசை வந்தது. கடன் வாங்கக் கிளம்பினார்.

மனைவி அறிவொளி வகுப்பில் படித்தவர். அவர் பெட்டியைத் திறந்தார். பஞ்சாயத்து கொடுத்த அனுமதித் தாளை எடுத்தார். விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"ஏங்க, இதில் உயரம் என்று ஓர் எண் போட்டிருக்கே. அது எங்கிருந்து அளந்தது?" என்று கேட்டார்.

கணவர் விழித்தார். மேஸ்திரியைப் பார்த்தார்.

"சாலையில் இருந்துதான் அக்கா" என்றார் மேஸ்திரி.

அங்கேதான் தவறு தொடங்கியது.

தரையில் இருந்து அளக்க வேண்டும்

இந்தியாவில் கட்டிடங்களுக்கு ஒரு தேசியக் கட்டிட விதித்தொகுப்பு உண்டு. முதன்முதலில் 1970இல் வந்தது. 2016இல் முழுமையாகத் திருத்தினார்கள். அது ஒரு மாதிரி நூல். அதைப் பார்த்து மாநிலங்கள் தங்களுக்கு விதி எழுதிக்கொள்கின்றன. கேரளத்தில் பஞ்சாயத்துகளுக்குப் புதிய கட்டிட விதிகள் 2019இல் வந்தன.

கட்டிடத்தின் உயரம் என்றால் என்ன? தேசியத் தொகுப்பு சொல்வதன் சாரம் இதுதான். கட்டிடத்தைச் சுற்றி, அதை ஒட்டி இருக்கும் தரையின் சராசரி மட்டத்தை எடுக்க வேண்டும். அங்கிருந்து நேர் மேலே அளக்க வேண்டும்.

எது வரை அளப்பது? தட்டையான காங்கிரீட் கூரை என்றால், கடைசித் தளத்தின் மொட்டை மாடி வரை. சரிவான ஓட்டுக் கூரை என்றால், வெளிச் சுவர் கூரையைத் தொடும் இடம் வரை. முக்கோணச் சுவர் சாலையைப் பார்த்து இருந்தால் வேறு கணக்கு. கூரையின் இறவாரத்துக்கும் முகட்டுக்கும் நடுப் புள்ளி வரை அளக்க வேண்டும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். படிக்கட்டு அறை இருக்கும். கைப்பிடிச் சுவர் இருக்கும். இவற்றைப் பொதுவாக உயரத்தில் சேர்ப்பது இல்லை. ஆனால் அதற்கும் அளவு உண்டு. தேசியத் தொகுப்பின்படி தொட்டியின் தாங்கல் 1 மீட்டர் வரை. படிக்கட்டு அறை 3 மீட்டர் வரை. கைப்பிடிச் சுவர் 1.5 மீட்டர் வரை. இவை எல்லாம் சேர்ந்து கூரையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. படிக்கட்டு அறை என்று சொல்லி அங்கே வாடகை அறை கட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சமவெளியில் இது சுலபம். பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பல இடங்களில் நிலம் சமமாக இருக்கும். எந்த மூலையில் அளந்தாலும் ஒரே உயரம் வரும். மலையில் அப்படி இல்லை. ஒவ்வொரு மூலைக்கும் ஓர் உயரம் வரும்.

இப்போது அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு வருவோம். ஒரு தளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு மூலைகள்.

சாலைப் பக்கம் இரண்டு மூலைகள். ஒவ்வொன்றும் 6 மீட்டர்.
பள்ளப் பக்கம் இரண்டு மூலைகள். ஒவ்வொன்றும் 9 மீட்டர்.
நான்கையும் கூட்டினால் 6 + 6 + 9 + 9 = 30.
நான்கால் வகுத்தால் 7.5 மீட்டர்.

இதுதான் வீட்டின் சராசரி உயரம். சாலையில் இருந்து பார்த்த 6 மீட்டர் அல்ல.

மேலே இன்னொரு தளம் போட்டால் என்ன ஆகும்?

9 + 9 + 12 + 12 = 42.
நான்கால் வகுத்தால் 10.5 மீட்டர்.

அந்த இடத்தில் எல்லை 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரியின் கணக்கில் வீடு 9 மீட்டர். எல்லைக்குள் இருக்கிறது. சரியான கணக்கில் 10.5 மீட்டர். எல்லை தாண்டிவிட்டது. அரை மீட்டர்தான் அதிகம். ஆனால் அந்த அரை மீட்டருக்காக ஒரு முழுத் தளமே ஆபத்தில் மாட்டும். பாதித் தளத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியாதே!

இன்னொரு செய்தி. மண்ணை வெட்டினாலும், கொட்டி நிரப்பினாலும் தரை மட்டம் மாறிவிடும். பின்னால் தகராறு வரும். எனவே மண்ணைத் தொடும் முன்பே நான்கு மூலை மட்டத்தையும் அளக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். எந்தக் கொத்தனாரும் அளந்து சொல்வார். அந்த அளவைத் தாளில் எழுதி, வரைபடத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

தளமா, மாடியா, நிலையா?

எல்லைப் பகுதித் தமிழருக்கு இங்கே ஒரு சொல் சிக்கலும் உண்டு.

2023 ஜூன் மாதம் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு வட்டாரத்தில் உயரமான புதிய கட்டிடங்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. அதே ஆண்டு இடுக்கி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 13 பஞ்சாயத்துகளில் 3 தளத்துக்கு மேல் கட்டுவதைத் தடுத்தது. மண் சரியும் அபாயம்தான் காரணம்.

மலையாளத்தில் இதை "மூன்று நில" என்பார்கள். அங்கே தரைத்தளமும் ஒரு நிலைதான். தரையில் ஒன்று, மேலே இரண்டு. ஆக மூன்று. தமிழில் "மூன்று மாடி" என்றால் பலர் வேறு விதமாக எண்ணுவார்கள். கீழ் வீடு ஒன்று, அதன் மேல் மாடி மூன்று. ஆக நான்கு! ஒரே எண். ஆனால் ஒரு தளம் வித்தியாசம்.

எனவே "எத்தனை மாடி?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "தரைத்தளத்தையும் சேர்த்து எத்தனை? சாலைக்குக் கீழே உள்ள தளத்தையும் சேர்த்தா? மொத்தம் எத்தனை மீட்டர்?" என்று கேட்க வேண்டும். 1 மீட்டர் என்பது சுமார் மூன்றேகால் அடி. 10 மீட்டர் என்பது சுமார் 33 அடி.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்புப் பகுதி, ஆரஞ்சுப் பகுதி என்று இடத்துக்கு இடம் வேறுபடும். எனவே உங்கள் நிலத்துக்கு இன்று எந்த விதி என்று பஞ்சாயத்தில் கேட்பதே சரி.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

"என் நிலம், என் பணம். எனக்கு ஏன் தடை?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

முதல் காரணம் மண். தளம் கூடக் கூட எடை கூடும். மலைச் சரிவில் கட்ட மண்ணை வெட்டி மட்டப்படுத்துவார்கள். வெட்டிய இடத்தில் மேல் மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். ஆடி, ஆவணி மழையில் அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பிறகு நழுவும்.

இரண்டாவது காரணம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அதன் வழியே காற்று பலமாக வீசும். அதனால்தான் 1990களில் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் வைத்தார்கள். இடுக்கியில் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. தரையில் இருந்து மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். காற்றாலைக்கு அது லாபம். உயரத்தில் போட்ட தகரக் கூரைக்கு அது எமன்.

மூன்றாவது காரணம் நில நடுக்கம். 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம், இடுக்கிப் பகுதி குலுங்கியது. அளவு சுமார் 5. சரியான கம்பியும் தூணும் இல்லாமல் உயர்ந்த கட்டிடம் நடுக்கத்தில் அதிகம் ஆடும்.

நான்காவது காரணம் தீ. தேசியத் தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளதை உயரக் கட்டிடம் என்கிறது. அதற்குத் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. மலையில் சாலை குறுகல். வளைவு அதிகம். பெரிய ஏணி வண்டி வந்து சேருவதே கடினம்.

ஐந்தாவது காரணம் பக்கத்து வீடு. உயர்ந்த சுவர் அடுத்தவரின் வெளிச்சத்தை மறைக்கும். காற்றை மறைக்கும். அதனால்தான் உயரத்துக்கு ஏற்ப இடைவெளியும் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. சாலையின் அகலத்தைப் பொறுத்தும் உயரத்துக்கு எல்லை வரும்.

மேலே இருப்பவர், கீழே இருப்பவர்

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு அருகே ராஜமலை, பெட்டிமுடி. பெருமழை. மலை மேலிருந்து மண்ணும் பாறையும் இறங்கின. லயங்களில் உறங்கிய 70 தொழிலாளர் குடும்பத்தார் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மழைத் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்ட சிலரின் உடல்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அங்கே உயரமான கட்டிடம் எதுவும் இல்லை. தாழ்வான லயங்கள்தான். எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயரத்தைக் குறைத்தால் மட்டும் மலையில் பாதுகாப்பு வந்துவிடாது. எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பது அதை விட முக்கியம். ஓடை வழியில் தாழ்ந்த வீடும் ஆபத்துதான்.

ஆனால் பெட்டிமுடி இன்னொன்றையும் காட்டுகிறது. மலையில் மேலே நடப்பது கீழே உள்ளவர் தலையில் விழுகிறது. மேலே கூடுதலாக ஒரு தளம் ஏற்றுபவருக்கு வாடகை வருகிறது. அந்த மண் சரிந்தால் இழப்பு கீழே குடிசையில் இருப்பவருக்கு. உயர விதி அந்தக் கீழ் வீட்டுக்காரருக்காகவும் எழுதப்பட்டது.

பெரியவர்களுக்கும் விதி உண்டா?

"ஏழை ஓர் அறை கட்டினால் தடுக்கிறார்கள். பணக்காரர் ஏழு தளம் கட்டுகிறார்" என்று மக்கள் மனம் குமுறுவது உண்டு. அந்தக் குமுறலில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மக்கள் கேள்வி கேட்ட இடங்களில் விதி வென்றதும் உண்டு.

இடுக்கிக்குப் பக்கத்து மலை கொடைக்கானல். அங்கே ஒரு விடுதி அனுமதித்த அளவுக்கு மேல் பல தளங்களைக் கட்டியது. 1994இல் தமிழ்நாடு அரசு அதற்கு விலக்கு அளித்தது. பழனி மலைகளைக் காக்கும் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. அரசின் விலக்கு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1995இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்றே முடிவானது.

டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டா. அங்கே இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. சுமார் 100 மீட்டர் உயரம். பக்கத்துக் கட்டிடத்துக்கு விட வேண்டிய இடைவெளியை விடவில்லை. அங்கே குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பல ஆண்டுகள் எழுப்பிய கட்டிடம் சில நொடிகளில் தூளானது.

பெரிய நிறுவனம் அந்த இழப்பைத் தாங்கலாம். முப்பது வருடச் சேமிப்பைப் போட்ட குடும்பம் தாங்குமா?

என்ன செய்ய வேண்டும்?

அஸ்திவாரம் தோண்டும் முன்பு இவற்றைச் செய்யுங்கள்.

1. பட்டாவை வாசியுங்கள். நிலம் எதற்காகத் தரப்பட்டது என்று பாருங்கள். வீட்டுக்கா? விவசாயத்துக்கா? மூணாறு பக்கம் கட்டிடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். அதை வில்லேஜ் ஆபீசில் விசாரியுங்கள்.

2. பஞ்சாயத்தில் உயர எல்லையைக் கேளுங்கள். மீட்டரில் எவ்வளவு, தளத்தில் எத்தனை என்று இரண்டையும் கேளுங்கள். எங்கிருந்து அளப்பார்கள் என்றும் கேளுங்கள்.

3. வரைபடத்தில் நான்கு பக்கத் தோற்றமும் இருக்க வேண்டும். முன் பக்கம் மட்டும் போதாது. பள்ளப் பக்கத்து உயரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

4. மண்ணை ஆழமாக வெட்டவும் அனுமதி வேண்டும். அதைத் தனியாகக் கேளுங்கள்.

5. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல் காற்றோடு போகும். தகவல் தரவில்லையா? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

6. மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

கதையின் முடிவு

அந்தக் குடும்பம் என்ன செய்தது? மறுநாள் காலை கணவனும் மனைவியும் பஞ்சாயத்துக்குப் போனார்கள். மனைவி கையில் அனுமதித் தாள் இருந்தது. இன்னொரு தாளில் நான்கு மூலை அளவும் இருந்தது. 9, 9, 12, 12 என்று பென்சிலால் எழுதியிருந்தார். பொறியாளர் கணக்கைப் பார்த்தார்.

"சாலைக்குக் கீழே இருக்கிற தளமும் கணக்கில் வரும். மேலே போட்டால் நான்கு தளம் ஆகிவிடும். அனுமதி கிடைக்காது" என்றார்.

கணவர் முகம் வாடியது. வாடகை ஆசை போயிற்று. வெளியே வந்ததும் மனைவி சொன்னார்:

"விடுங்க. கடன் வாங்கிக் கட்டி, அப்புறம் இடிக்கச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்போம்? கீழே விறகு கிடக்கிற இடத்தைச் சுத்தம் பண்ணுவோம். ஜன்னல் வச்சு ஓர் அறை ஆக்கலாமான்னு இவங்க கிட்டேயே கேட்டுருவோம்."

இருவரும் திரும்பி உள்ளே போனார்கள். கேட்டார்கள். இந்த முறை கணவரே கேட்டார். பதிலை எழுத்தில் தரச் சொல்லியும் கேட்டார்.

நண்பர்களே! வீடு கட்டும் போது கல்லுக்கும் கம்பிக்கும் விலை கேட்கிறோம். உயரத்துக்கும் ஒரு கேள்வி கேட்போம். எங்கிருந்து அளக்கிறீர்கள்? அஸ்திவாரத்துக்கு முன்பு கேட்டால் செலவு ஒரு பஸ் டிக்கெட். கூரை போட்ட பிறகு கேட்டால் செலவு ஒரு வீடு.